ஷெட்டை விட்டுப் போகாத வண்டி

“பேரு மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்.”

“போன தடவையும் இப்படித்தான் பாத்துக்கிட்டீங்க. என் தம்பிக்கு வலது கை மூணு துண்டு.”

“அவருதான்னு மேனேஜர் சொன்னாரு. கம்ப்யூட்டர்லயே காட்டுனாரு. எங்கம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் துடிச்சப்போ ஆம்புலன்ஸ் ஷெட்லயே நின்னுக்கிட்டிருந்ததை எங்க கண்ணால பாத்தோம். நீங்களா இருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம்?”

“இப்பவும் விடப்போறதில்ல. யாரால உங்கம்மா போனாங்களோ, அவன் பேரை நானே உங்க கையில குடுக்கிறேன். யாரா இருந்தாலும் சரி.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்.”

ஆம்புலன்ஸ் ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் இந்த வாக்கு கைமாறியது. கேட்டு வாங்கியவள் இறந்துபோன அம்மாவின் மூத்த மகள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கஞ்சி போட்ட துணியின் வாசனை அவள் மேல் எப்போதும் இருக்கும். அவளுடைய தம்பிகள் இருவரும் சற்றுத் தள்ளி, ஷெட்டின் கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றார்கள். அந்த இருவரின் கைகளைத்தான் வாக்குக் கொடுத்த அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தம்பியின் எலும்பை முறித்த கைகள். அவற்றை அவள் வெறுத்தாள், ஆனால் அவை அவளுக்குத் தேவைப்பட்டன.

அண்ணி என்று அவளை முதலில் கூப்பிட்டவன் கொழுந்தன். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் தெருவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள்களை வைக்கும் அறைக்கு ஒரு காலத்தில் அவள் பொறுப்பாக இருந்தாள். ஒற்றைச் செருப்பைப் பார்த்து அதன் சொந்தக்காரர் எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார் என்று சொல்வாள். வேலையை விட்ட பிறகு ஜனங்கள் தொலைந்த உண்மைகளையும் தேடித்தரச் சொல்லி வந்தார்கள். அப்படித்தான் அவள் துப்பறிகிறவள் ஆனாள். இந்த முறை வழக்கைக் கொடுத்தது டிரைவர் சங்கம். கொடுக்காவிட்டாலும் எடுத்திருப்பாள், ஏனென்றால் குற்றம் சாட்டப்பட்ட டிரைவர் அவளுடைய ஒரே தம்பி.

மறுநாள் விசாரணை. அதில் ஜெயிப்பது மட்டும் அவளுக்குப் போதாது. தம்பியை நோக்கி நீண்ட மேனேஜரின் விரலை அவனுக்கே திருப்ப வேண்டும். அதே கேட்டில், அதே கூட்டத்தின் நடுவில், அதே கைகளால். ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்த நாளிலிருந்து இந்த ஆசையை அவள் வேளை தவறாமல் மருந்து போல விழுங்கி வந்தாள்.

“அண்ணி, டீ ஆறுது. வாக்கு மட்டும்தான் சூடா இருக்கு,” என்றான் கொழுந்தன்.

அவனுக்கு ஈயம் என்று பட்டப்பெயர். போன் ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைத்ததால் வந்தது என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் பேச்சைக் கேட்டவர்கள், காதில் காய்ச்சி ஊற்றுவதால் வந்தது என்பார்கள். கடை எரிந்துபோன பிறகு அண்ணிக்கு உதவியாள் ஆனான். கடை எப்படி எரிந்தது என்பதை மட்டும் யாரும் துப்பறியவில்லை.

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பைக்குள் தம்பியின் போன் கிடந்தது. அடியில் கண்ணாடி சிலந்திவலையாகச் சிதறிய பழைய போன். நேற்றுக்கூட அவன் வலிக்கு மாத்திரை கேட்கவில்லை, போனைத்தான் கேட்டான். கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்று சமாளித்துவிட்டாள். மேனேஜர் என்றைக்காவது அதில் கூப்பிட்டு வாய்விடுவான் என்று காத்திருந்தாள். அதனால் அதை ஒரு நிமிடமும் அணையவிடாமல் சார்ஜ் போட்டுப் போட்டு வைத்திருந்தாள்.

*

மேனேஜரின் அறை துடைத்துவைத்தது போல இருந்தது. மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் திரையையும் அவர் மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டேயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஷெட்டின் நீளச் சுவர். அதில் ஷெட் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் பெரிதாக நீலப் பெயின்டில் எழுதியிருந்தன. அதன் கீழே சிவப்புப் பெயின்டில் இன்னொரு வரி: ‘கடைசியாக வரும் டிரைவர் எல்லா வண்டியையும் கழுவ வேண்டும்.’

“நல்ல பள்ளிக்கூடம்,” என்றான் ஈயம்.

“ஒழுங்கு வேணும்ல சார். வண்டி ஷெட்டுக்குள்ள வந்ததும் அதுல இருக்கிற ரூட்டர் தானா ஷெட் வைஃபையைப் பிடிச்சுக்கும். இங்க திரையில ‘உள்ளே’ன்னு விழும். வெளிய போனா மொபைல் டேட்டாவுக்கு மாறிடும், ‘வெளியே’ன்னு விழும். அடுத்த சேதி வர்ற வரைக்கும் பழசே நிக்கும். யாரும் யாரையும் ஏமாத்த முடியாது.”

“அன்னிக்கு அந்தக் குடும்பத்துக்கு எதைக் காட்டுனீங்களோ, அதை எனக்கும் காட்டுங்க,” என்றாள் அண்ணி.

அவர் காட்டினார். அந்த வீட்டிலிருந்து போன் வந்த நிமிடம் முதல் தம்பியின் வண்டிக்கு எதிரே உள்ளே, உள்ளே, உள்ளே என்று பச்சையாக ஓடியது.

“பாத்தீங்களா? கூப்பிட்டதும் கிளம்பிட்டேங்கிறாரு. எங்க கிளம்புனாரு?”

“கொஞ்சம் கீழ தள்ளுங்க.”

“அதுக்கு மேல ஒண்ணுமில்லீங்க மேடம்.”

“ஒண்ணுமில்லாததைப் பாக்குறதுதான் என் தொழிலே.”

மேனேஜரின் கை துணியோடு நின்றது. ஈயம் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் திரையை நகர்த்தினான். பச்சை நிற்கவில்லை. உள்ளே, உள்ளே என்று அது வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் வரைக்கும் ஓடியது.

“இந்த நேரத்துல,” அண்ணி திரையில் விரலை வைத்தாள், “அந்தம்மாவை அவங்க வீட்டு வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல ஏத்திக்கிட்டிருந்தாங்க. பெத்த பிள்ளைங்க கூடப் பிடிச்சுத் தூக்கியிருக்காங்க. உங்க கம்ப்யூட்டர் வண்டி ஷெட்ல படுத்துத் தூங்குதுங்குது.”

“ஒருவேளை ஷெட்டையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரோ என்னவோ,” என்றான் ஈயம்.

“வாசல்ல வந்தப்புறமும் பொய் சொல்ற திரை, அதுக்கு முன்னாடி மட்டும் உண்மையா சொல்லியிருக்கும்? இந்தப் பாதியை ஏன் மறைச்சீங்க?”

மேனேஜர் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“அன்னிக்கு கேட்டையே பேத்து எடுத்துடுவாங்க போல இருந்துச்சு மேடம். யாரையாவது காட்டலைன்னா என்னைத்தான்...”

“அதனால என் தம்பியைக் காட்டுனீங்க.”

அவர் திரையை அணைத்தார். அண்ணிக்கு அது இனித்தது. வண்டியின் சாவியையும் ரூட்டரின் பாஸ்வேர்டையும் அவள் கேட்டபோது அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

வராந்தாவில் ஈயம் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். “அண்ணி, உங்க முகத்துல கல்யாணக் களை தெரியுது. கொஞ்சம் பொறுங்க. இவரு பொய் சொன்னவரு, சரி. ஆனா அந்தம்மா உயிர் போனது பொய்யால இல்லியே. வண்டியில நெட் வேலை செய்யாம, ஈசிஜி டாக்டருக்குப் போகாததாலதானே. வெளிய ஓடுற வண்டி தன்னை ஏன் ‘உள்ளே’ன்னு நெனச்சுக்கிச்சு? அதுக்குப் பதில் கிடைக்கட்டும்.”

“அதுக்கும் இவன்தான் காரணமா இருப்பான்.”

“இருக்கட்டும். ஆனா இருக்கணும்னு ஆசைப்படாதீங்க.”

*

வண்டி அன்றிலிருந்து மூலையில் ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று அதில் போன நர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள். தூங்கி நாளானவள் போன்ற முகம்.

“ஈசிஜி எடுத்து டேப்ல போட்டா, ரூட்டர் வழியா ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போகும்,” என்றாள். “அவர் பாத்துட்டு என்ன ஊசின்னு சொன்னாத்தான் நான் போடலாம். அன்னிக்கு டேப்ல வைஃபை முழுசா காட்டுச்சு. சரி, போகுதுன்னு நெனச்சேன். வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. டாக்டருக்குப் போன் போட்டா, பாக்காம எதையும் சொல்ல மாட்டேங்கிறாரு. அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. பிடி எப்போ விட்டுச்சுன்னுகூடத் தெரியல.”

முன்சீட்டின் கீழே சோப்புப் பெட்டி அளவில் ரூட்டர் இருந்தது. இரண்டு சின்ன விளக்குகள். பச்சை எரிந்தால் வைஃபை, நீலம் எரிந்தால் மொபைல். ஈயம் தன் போனில் அதன் பக்கத்தைத் திறந்து, ஷெட் வைஃபையைக் கையால் துண்டித்தான். பச்சை அணைந்தது. இரண்டு மூச்சு விடும் நேரத்தில் நீலம் எரிந்தது. நர்ஸின் டேப்பில் டாக்டரின் பக்கம் சட்டென்று திறந்துகொண்டது.

“சிம் கல்லு மாதிரி இருக்கு. டேட்டாவும் இருக்கு. அப்போ சிம் மேல குத்தமில்ல. அதை அன்னிக்கு யாரும் கூப்பிடவே இல்ல.” அவன் விரல் திரையில் ஊர்ந்து நின்றது. “அட. இங்க பாருங்க அண்ணி.”

“புரியிற மாதிரி சொல்லு.”

“வைஃபை செத்துப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு இந்தப் பெட்டிக்குச் சொல்லித்தரணும். ரெண்டு வழி இருக்கு. வெளியுலகத்துல யாரையாவது அப்பப்போ கூப்பிட்டுப் பாரு, பதில் வரலைன்னா மொபைலுக்கு மாறிடு. இது ஒண்ணு. சிக்னல் இருந்தா போதும், வேற எதையும் பாக்காதே. இது இன்னொண்ணு. இதுல ரெண்டாவதைப் போட்டு வெச்சிருக்காங்க. வாசல்ல செருப்பு கிடந்தா ஆளு வீட்ல இருக்காருன்னு முடிவு பண்ற மாதிரி. உள்ள அவரு பேச்சுமூச்சு இல்லாம கிடந்தாலும் சரி, குரல் குடுத்துப் பாக்காது.”

“யார் போட்டது?”

“மேனேஜர்தான்,” என்றாள் நர்ஸ். “ஷெட்ல நெட் அடிக்கடி போகும் மேடம். போறப்பல்லாம் உள்ள நிக்கிற வண்டிங்க மொபைலுக்கு மாறி, திரையில ‘வெளியே’ன்னு விழும். நான் உள்ளதான இருக்கேன், நான் ஏன் கழுவணும்னு டிரைவருங்க சண்டைக்கு வருவாங்க. தொல்லை வேணாம்னு மாத்திட்டாரு. உங்க தம்பிக்கு மட்டும் அந்தச் சண்டையே கிடையாது. ஒரு நாளும் அவர் கடைசி வண்டியா வந்ததில்ல.”

அண்ணி அந்தக் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குள் ஒரு கதவு திறந்து வெயில் கொட்டியது. கிடைத்துவிட்டான். கழுவுகிற சண்டையைத் தீர்க்க ஒரு உயிரை விலையாக வைத்தவன். கேட்டில் சாய்ந்து நிற்கும் அந்த நான்கு கைகளையும் அவள் மனதுக்குள் ஏற்கெனவே தட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தாள்.

“போதும். வா,” என்றாள்.

“போதாது. வண்டி கிளம்பிப் போனா ஷெட் சிக்னல் தானா அறுந்துடும். செருப்பே வாசல்ல இல்லைன்னா, இந்த மக்குப் பெட்டிகூட மொபைலுக்கு மாறியாகணும். அன்னிக்கு மாறல. ஏன்?”

அவன் துண்டித்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். ஈயத்துக்கு எந்த வண்டியையும் ஓட்டத் தெரியும். நேராக ஓட்டத்தான் தெரியாது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் பின்னால் குனிந்து விளக்கைப் பார்த்தபடி வந்தாள்.

கேட்டைத் தாண்டினார்கள். “பச்சை,” என்றாள் நர்ஸ்.

ஷெட்டின் சுவர் முடிந்தது. “பச்சை.”

பெட்ரோல் பங்க், பாலம், மரக்கடைகளின் வரிசை. “பச்சைதான் சார்.”

“ஷெட்டு நம்மளை விட மாட்டேங்குது,” என்றான் ஈயம். “வழியனுப்ப வந்த சொந்தக்காரங்க மாதிரி கூடவே வருது.” ஆனால் அவன் குரல் சற்றுத் தேய்ந்திருந்தது.

நர்ஸ் டேப்பைத் தூக்கிக் காட்டினாள். முழு சிக்னல். நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. “இதேதான். அன்னிக்கும் இதேதான்.”

ஈயம் வண்டியை ஓரங்கட்டினான்.

“எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான்,” என்றாள் அண்ணி. “ஷெட் பேரையே சொல்லிக்கிட்டு ஒரு பெட்டி இந்த வண்டிக்குள்ள எங்கயோ இருக்கு. வேணும்னே வெச்சிருக்கான். தேடு.”

தேடினார்கள். இருக்கைகளைத் தூக்கினார்கள், மருந்துப் பெட்டிகளை இறக்கினார்கள், ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். ஒன்றும் இல்லை. அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, ஓரமாக நீண்டு கிடந்த குடோன் சுவரை ஒட்டி விறுவிறுவென்று நடந்தாள். சுவரில் மதிய வெயில் அடித்தது. அவள் நிழல் அவளுக்கு முன்னால் ஓடியது. மேனேஜர் கேட்டில் விழுந்து கிடக்கும் காட்சியை அவள் விதவிதமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். சுவர் முடியும் இடத்தில், பின்னாலிருந்து நர்ஸின் குரல் வந்தது.

“மேடம், மாறிடுச்சு. நீலம் எரியுது.”

அண்ணி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். “என்னடா பண்ணுன? எதைத் தொட்ட?”

“நான் ஒண்ணும் பண்ணலியே.”

“மறுபடியும் பச்சை,” என்றாள் நர்ஸ்.

ஈயம் விளக்கைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவன் வாயில் ஒரு கிண்டல் வந்து, வெளியே வராமல் திரும்பிப் போனது.

“அண்ணி, கொஞ்சம் அந்தச் சுவர்க்கோடி வரைக்கும் போங்க.”

“எதுக்கு?”

“போங்களேன்.”

போனாள். கையை உயர்த்தினான். நீலம். வரச்சொன்னான். வந்தாள். பச்சை.

“இப்போ பையை இங்க வெச்சிட்டுப் போங்க.”

அவள் பையை இருக்கையில் வைத்தாள். அந்த ஒரு நடை மட்டும் அவளுக்கு மிக நீளமாக இருந்தது. சுவர்க்கோடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஈயம் கையை உயர்த்தவில்லை. அவன் தலையைக் குனிந்திருந்தான். அவள் தொலைவில் நிற்கையிலும், வண்டிக்குள் பச்சை எரிந்துகொண்டேயிருந்தது.

*

பைக்குள்ளிருந்து தம்பியின் போனை அவளே எடுத்தாள். சிதறிய கண்ணாடிக்கு அடியில் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. போனையே வைஃபையாக மாற்றும் ஹாட்ஸ்பாட் திறந்திருந்தது. அதற்கு வைத்திருந்த பெயர், ஷெட்டின் சுவரில் நீலப் பெயின்டில் எழுதியிருந்த அதே பெயர். பாஸ்வேர்டும் அதுவேதான். மேலே, அந்தம்மா இறந்த நாளில் வந்த குறுஞ்செய்தி ஒன்று தள்ளப்படாமல் கிடந்தது: உங்கள் டேட்டா முடிந்துவிட்டது.

“பழைய போன்,” என்றான் ஈயம் மெதுவாக. “தானா அணைச்சுக்கத் தெரியாது.”

யாரும் விளக்கச் சொல்லவில்லை. சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்த வரி மூவருக்கும் நினைவிருந்தது. வண்டி ஷெட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே போனைத் திறந்துவிட்டால், ரூட்டர் அதை ஷெட் என்று நம்பிக்கொள்ளும். திரையில் ‘உள்ளே’ விழும். வேறு எவனாவது வாளியைத் தூக்குவான். அன்று அப்படித் திரும்பும்போது வழியிலேயே அந்த வீட்டு அழைப்பு வந்திருக்கிறது. தம்பி கொஞ்சமும் யோசிக்காமல் வண்டியைத் திருப்பிப் பறந்திருக்கிறான். போனை அணைக்கவும் யோசிக்கவில்லை. அது அவன் சட்டைப்பையில், செத்த வைஃபையை உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போயிருக்கிறது.

‘அந்த ஷெட்ல நான் ஒரு நாளும் கடைசி இல்லக்கா’ என்று சாப்பிடும்போது அவன் சொல்லிச் சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. அவளும் சிரித்திருக்கிறாள். கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் போனைக் கேட்டபோது கண் கலங்கியிருந்ததும் நினைவு வந்தது. வலி என்று நினைத்து, தலையைத் தடவிவிட்டு வந்திருந்தாள்.

“எல்லா டிரைவருங்களும் செய்யிறதுதான் மேடம்,” என்றாள் நர்ஸ். “எனக்கும் தெரியும். அன்னிக்கு அது எனக்குத் தோணவே இல்ல. ஈசிஜியை என் போன்லயாவது படம் புடிச்சு அனுப்பியிருக்கலாம். அதுவும் மறுநாள்தான் தோணுச்சு.”

அண்ணி ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். இருக்கைக்கு அடியில் நீலம் எரிந்தது. டேப்பில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று, டாக்டரின் பக்கம் திறந்தது. அவ்வளவுதான் வேலை. ஒரு விரலின் வேலை.

திரும்பும் வழியில் பாலம் வந்தது. கீழே தண்ணீர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஈயம் வேகத்தைக் குறைத்தான். போன் அவள் மடியில் கிடந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கியது. அவன்தான் பொத்தானை அழுத்தியிருந்தான்.

“மேனேஜர் போட்ட செட்டிங் ஒண்ணே போதும் அண்ணி,” என்றான் சாலையைப் பார்த்தபடி. “அவரு அதை மாத்தாம இருந்திருந்தா, போன் இருந்தும் ஒண்ணும் ஆயிருக்காது. அது பொய் இல்லியே. நாம யாரும் பொய் சொல்லப்போறதில்ல. பாதியைச் சொல்லப்போறோம்.”

“பாதியைக் காட்டுனதுக்குத்தான் நான் அவன் தலையைக் கேட்டேன்.”

பாலம் முடியும் வரைக்கும் கண்ணாடி இறங்கியே இருந்தது. முடிந்த பிறகு ஈயம் அதை ஏற்றிவிட்டான். நர்ஸ் பின்னால் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷெட்டுக்குள் நுழையும்போது அண்ணி குனிந்து பார்த்தாள். நீலம் அணைந்து பச்சை எரிந்தது. இந்த முறை அது உண்மையைச் சொன்னது.

ஜன்னலுக்குப் பின்னால் மேனேஜர் துணியோடு நின்றார். வெளிறிய முகம். அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் விழுந்தால் போதும், அந்த முகம் மண்ணில் கிடக்கும். காலையிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அதைத்தான். இப்போதும் அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கேட்டில் சாய்ந்திருந்த இருவரும் நிமிர்ந்தார்கள். மூத்த மகள் சாலையைக் கடந்து, ஓட்டமாக அவள் பக்கத்துக் கதவுக்கு வந்தாள். கஞ்சி வாசனை முதலில் வந்தது. ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது. காய்த்துத் தழும்பேறிய இஸ்திரிக்காரியின் விரல்கள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. அவள் கண்கள் அண்ணியின் முகத்திலிருந்து மடிக்கு இறங்கி, அங்கே கிடந்த உடைந்த போனைப் பார்த்து, எதுவும் புரியாமல் மறுபடி முகத்துக்கு ஏறின.

“கண்டுபிடிச்சிட்டீங்க. முகத்தைப் பாத்தாலே தெரியுது,” என்றாள். “பேரைச் சொல்லுங்கக்கா.”